தங்கள் மழை கிடைக்கப்பெற்றேன்

மழை வந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும் ஊர் எங்கள் சிவகாசி. மற்ற ஊர்க்காரர்கள் மழைக்காகக் கழுதைக்குக் கல்யாணம் செய்து வைப்பார்கள். நாங்களோ மேகம் கறுத்தால் வாசலில் நின்று அதை வைவோம். தீக்குச்சி காய வேண்டும், வெடித்திரி காய வேண்டும், அச்சடித்த லேபிள் காய வேண்டும், லேபிளை ஒட்டிய பசை காய வேண்டும், இத்தனையும் காய்ந்தால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும் என்பதால், வெயிலை நாங்கள் வெயில் என்று நினைத்ததே கிடையாது, குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போடுகிற மூத்த பிள்ளை என்றுதான் நினைத்திருந்தோம். அப்பேர்ப்பட்ட ஊரில், ஒரு வைகாசி மாதம், மண்டையைப் பிளக்கும் உச்சிப்பொழுதில், ராஜகனி அக்காவின் அச்சாபீசுக்குள் மட்டும் மழை பெய்தது.

சொல்லுகிற நாங்கள் யாரென்றால், அச்சாபீசுக்கு அடுத்த காம்பவுண்டில் இருக்கும் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குகிற பெண்கள். எங்கள் ஊரில் கலெக்டர் உட்கார்ந்திருக்கும் இடம் மட்டும் ஆபீஸ் இல்லை, தீப்பெட்டி செய்கிற கொட்டகையும் ஆபீஸ்தான். சட்டத்துக்குள் குச்சியை வரிசையாக அடுக்குவது விரலுக்கு வேலை. கண்ணும் காதும் வாயும் சும்மாதான் இருக்கும். ஆகவே அக்கம்பக்கத்தில் எங்களுக்குத் தெரியாமல் எதுவும் நடந்ததில்லை, தெரிந்த பிறகு எங்களோடு நின்றதும் இல்லை.

எங்கள் முதலாளி தங்கப்பழம், ராஜகனி அக்காவின் தம்பி. அப்பா செத்தபோது அவர் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். அக்காதான் அப்பாவின் அச்சாபீசை எடுத்து நடத்தி, தம்பியைப் படிக்க வைத்து, பக்கத்து இடத்தில் தீப்பெட்டி ஆபீஸ் போட்டுக்கொடுத்து, பெண் பார்த்துக் கட்டியும் வைத்தது. அக்காவைப் பெண் கேட்டு வராமல் இல்லை. ஒவ்வொரு தடவை வரும்போதும் தம்பிக்கு ஏதாவது ஒன்று மிச்சம் இருந்தது. பரீட்சை இருந்தது, லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது, கல்யாணம் முடிய வேண்டியிருந்தது, அவர் பிள்ளைக்குக் காது குத்த வேண்டியிருந்தது. எல்லாம் முடிந்து அக்கா நிமிர்ந்து பார்த்தபோது, கேட்டு வருகிறவர்கள் நின்றுபோயிருந்தார்கள். தங்கப்பழம் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. மூத்தவள் இருக்கும்வரை எதையும் பார்க்கத் தேவையில்லாமல் வளர்ந்துவிட்டார், அவ்வளவுதான்.

பெரிய பெரிய ஆப்செட் மிஷின்கள் ஊருக்குள் வந்து அக்காவுக்கு லேபிள் ஆர்டர் குறைந்துபோன காலத்தில், அச்சுக்காரர்கள் சங்கத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். இணையத்துக்குள் போனால் வீட்டு போன் செத்துப்போகிற காலம் அது. கோயம்புத்தூரிலிருந்து கோட்டுப் போட்ட ஒருவர் வந்து, கம்ப்யூட்டருக்குள்ளே உலகத்து வியாபாரிகளெல்லாம் பேர் எழுதி வைத்திருக்கும் ஒரு இடம் இருக்கிறது, நீங்களும் எழுதலாம், யாராவது ஒருவர் உங்களோடு தொடர்பு வேண்டும் என்று கேட்பார், நீங்கள் சரி என்று ஒரு அழுத்து அழுத்தினால் அவர் உங்களுக்குத் தெரிந்தவர் ஆகிவிடுவார் என்று விளக்கினார்.

"சம்பந்தம் பேசுற மாதிரில்ல இருக்கு?" என்றார் சங்கத் தலைவர் அருணாசலம் அண்ணாச்சி. எல்லோரும் சிரித்தார்கள். வடையும் காபியும் வந்தது, சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ராஜகனி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மறுநாளே பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி முன்னறையில் வைத்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் நடத்தும் ஜெபராஜைக் கூப்பிட்டு அனுப்பியது.

அந்த இடத்துக்கு வாயில் நுழையாத பேர் ஒன்று இருந்தது. நாங்கள் கம்ப்யூட்டர் சங்கம் என்றே சொல்லிக்கொண்டோம். சேருகிறவர் இரண்டு கட்டங்களை நிரப்ப வேண்டும். ஒன்று, என்னிடம் இருப்பது. இன்னொன்று, நான் தேடுவது. முதல் கட்டத்துக்கு அக்கா ஜெபராஜிடம் சொன்னது இதுதான்: "தீப்பெட்டி லேபிள், பட்டாசு லேபிள், தினசரிக் காலண்டர். இவ்விடம் நல்ல வெயில்."

"அக்கா, வெயிலெல்லாம் போடக் கூடாதுக்கா. சரக்கை மட்டும்தான் போடணும்."

"வெயில் இல்லாம ஏதுடா சரக்கு? எழுது."

ஜெபராஜ் வெளியூரிலிருந்து வந்து கடை போட்டவன், அவனுக்குத் தெரியாது. எங்கள் ஊரிலிருந்து எந்தப் பார்ட்டிக்கு எந்தக் கடிதம் போனாலும் முதல் வரி நலம், இரண்டாம் வரி இவ்விடம் நல்ல வெயில். சரக்கு காய்ந்துகொண்டிருக்கிறது, சொன்ன தேதியில் வந்து சேரும் என்று அதற்கு அர்த்தம். அப்பா எழுதினார், அக்காவும் எழுதியது. உலகத்துக்கே பொதுவான இடத்தில், என்னிடம் இருப்பது என்ற கட்டத்தில், வெயிலை எழுதி வைத்தால் அதையும் கொடுக்க வேண்டி வரும் என்று யாருக்குத் தோன்றும்? இரண்டாவது கட்டத்துக்கு வந்தபோது அக்கா வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. உனக்கு என்ன வேண்டும் என்று அதனிடம் அதுவரை எந்தக் கட்டமும் கேட்டதில்லை. "அது சும்மா கிடக்கட்டும்" என்றது கடைசியில்.

முதலில் தொடர்பு கேட்டவர் நார்வே தேசத்தில் பெர்கன் என்ற ஊரில் டின்னில் மீன் அடைத்து விற்கும் ஓலாவ் என்பவர். ஈரத்தில் உரிந்து வராத லேபிள் தேடுவதாக எழுதியிருந்தார். படத்தில் நரைத்த தாடியும் மழைக்கோட்டுமாக இருந்தார். அக்கா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, சாமி படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சரி என்பதை அழுத்தியது. முதல் சொட்டு கீபோர்டின் மேல் விழுந்தது.

மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை காய்ந்து கிடந்தது. அதற்குக் கீழேயிருந்து, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து, மழை இறங்கியது. முன்னறையிலும் வாசல் முற்றத்திலும் பெய்து, காம்பவுண்டுச் சுவரோடு நின்றது. மிஷின் இருக்கும் பின்னறைக்குள் ஒரு துளி போகவில்லை. நல்ல வளர்ப்பு உள்ள மழை என்று நாங்கள் பேசிக்கொண்டோம். ஜெபராஜ் ஓடிப்போய் கம்ப்யூட்டருக்கு ஒரு பிளாஸ்டிக் உறையும் வயர்களுக்கு ஒரு ரப்பர் குழாயும் கொண்டுவந்தான். நாங்கள் கட்டையைப் போட்டுவிட்டு வந்து கையை நீட்டிப் பார்த்தோம். ஐஸ்பெட்டித் தண்ணீர் போலக் குளிர்ந்தது. நக்கிப் பார்த்தால் கொஞ்சம் உப்புக் கரித்தது.

"இது நம்ம மழை இல்லட்டி" என்றாள் எங்களில் மூத்தவளான வேலம்மா.

ஜெபராஜ் எதையோ தட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். "பெர்கன்ல மழைக்கா. அங்க வருஷத்துல முக்காவாசி நாளும் மழைதானாம்."

அதற்குமேல் யாரும் காரணம் கேட்கவில்லை. தொடர்பு என்றால் ரெண்டு வீட்டுக் காற்றும் கலக்கத்தான் செய்யும், சம்பந்தி வீட்டுக் குழம்பு வாசம் நம் சட்டையில் ஒட்டுவதில்லையா என்று வேலம்மா சொன்னதே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

வந்த பொருளுக்கு வரவு தெரிவிக்காமல் இருப்பது யோக்கியமான வியாபாரிக்கு அழகில்லை. அக்காவுக்குத் தெரிந்த கடிதம் ஒரே வகைதான். அது சொல்லச் சொல்ல ஜெபராஜ் இங்கிலீஷில் தட்டினான்: "மேலான ஐயா அவர்களுக்கு. தங்கள் மழை இன்று பகல் நல்ல நிலையில் கிடைக்கப்பெற்றேன். வழியில் சேதாரம் ஏதுமில்லை. இவ்விடம் நல்ல வெயில்."

மறுநாள் பதில் வந்தது. அந்த மனுஷனுக்கும் வேறு மாதிரி எழுதத் தெரியாது போலிருக்கிறது, அல்லது அக்காவின் பாணி பிடித்துப்போய்விட்டது. "மேலான அம்மையாருக்கு. தங்கள் வெயில் எங்கள் மீன் கொட்டகைக்குள் குறைவின்றிக் கிடைக்கப்பெற்றேன். வாங்கிய நாளிலிருந்து காயாத என் கோட்டு காய்ந்தது. மிக்க நன்றி." நம்முடைய காலை வெயில் அங்கே நடுச்சாமத்தில் போய் இறங்குகிறதாம். தெருக்காரர்களெல்லாம் தூக்கத்திலிருந்து எழுந்து, போர்வையோடு வந்து, மீன் கொட்டகைக்குள் வரிசையாக உட்கார்ந்து வெயில் காய்கிறார்களாம்.

இதைக் கேட்டதும் ஊருக்குத் தலைகால் புரியவில்லை. அருணாசலம் அண்ணாச்சி டீக்கடை முன்னால் நின்று, "தீப்பெட்டி போகுது, பட்டாசு போகுது, காலண்டர் போகுது. இப்ப வெயிலும் எக்ஸ்போர்ட் ஆகுதுய்யா. குட்டி ஜப்பான்னு சும்மாவா சொன்னாக?" என்றார். அனுப்பியதில் நமக்குக் குறைந்துவிட்டதா என்று மொட்டை மாடிகளில் அப்பளம் காயப்போட்டுப் பார்த்தார்கள். குறையவில்லை. அள்ள அள்ளக் குறையாத சரக்கு ஒன்று கைவசம் இருந்தும் இத்தனை காலம் சும்மா இருந்துவிட்டோமே என்று பலருக்கும் வயிற்றெரிச்சலாகிவிட்டது.

பிறகு ஊரே கம்ப்யூட்டர் சங்கத்தில் சேர்ந்தது. பிரவுசிங் சென்டர் வாசலில் மழை, பனி, காற்று ஆகியவற்றுக்குத் தொடர்பு ஏற்படுத்தித் தரப்படும் என்று ஜெபராஜ் பலகை வைத்தான். அருணாசலம் அண்ணாச்சி மழைக்குப் பயந்து பாலைவனத்து வியாபாரி ஒருவரைப் பிடித்தார். அவர் வீட்டுக்குள் எந்நேரமும் மணற்காற்று அடித்து, இட்லி மாவில் மணல் கடித்து, அவர் சம்சாரம் பொறந்த வீட்டுக்குப் போய்விட்டார். சோடாக்கடைக்காரர் கனடாவின் வடகோடியில் இருக்கும் ஒருவரோடு தொடர்பு வைத்து, கடைக்குள் விழும் பனியை வாளியில் அள்ளிச் சோடாவுக்குள் போட்டு விற்றார். பாத்திரக்கடைக்குச் சிங்கப்பூர் மழை சாயங்காலம் தவறாமல் வந்ததால் கடிகாரம் இல்லாதவர்கள் அதை வைத்து வீட்டுக்குக் கிளம்பினார்கள். கல்யாணத்துக்குப் பன்னீர் தெளிப்பதற்குப் பதிலாக இங்கிலாந்துத் தூறலை ஏற்பாடு செய்தார்கள், பெண் வீட்டார் செலவில். கரண்டு ரீடிங் எடுக்க வருகிறவர் குடை, மப்ளர், கறுப்புக் கண்ணாடி மூன்றையும் பையில் வைத்துக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தார். அம்மன் கோவில் பூசாரி மட்டும் சேரவில்லை. ஆத்தாளுக்குத் தெரிந்தவர்கள் ஏற்கெனவே எல்லா ஊரிலும் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்.

எந்தக் கூத்தும் எங்கள் ஊரில் ஒரு சீசனுக்குமேல் தாங்காது. மணலைப் பெருக்கிப் பெருக்கிக் கை ஓய்ந்து அண்ணாச்சி தொடர்பை நீக்கினார், சம்சாரம் திரும்பி வந்தார். சோடாக்கடைக்காரருக்குச் சளிப் பிடித்து அவரும் நீக்கினார். நீக்குவது சுலபம், ஒரு அழுத்து, அவ்வளவுதான். ஒவ்வொருவராக நீக்கி நீக்கி, புரட்டாசி பிறந்தபோது ராஜகனி அக்காவின் மழை மட்டுமே மிச்சம் இருந்தது.

அது வெறும் மழையாக இருந்தால் அக்காவும் நீக்கியிருக்கும். இதற்குள் ஓலாவ் கொஞ்சம் லேபிள் வாங்கியிருந்தார், ஆனால் விஷயம் லேபிளில் இல்லை. ஜெபராஜ் தட்டிக்கொடுத்தவரைக்கும் என்ன எழுதினார்கள் என்று எங்களுக்குத் தெரியும்: தங்கள் தூறல் கிடைக்கப்பெற்றேன், தங்கள் இடி சற்றுத் தாமதமாகக் கிடைக்கப்பெற்றேன், நேற்றைய மழையில் ஒரு இலை வந்துள்ளது, அது எந்த மரத்து இலை என்று தெரிவிக்கவும். பிறகு அக்கா தானே தட்டப் பழகிக்கொண்டு ஜெபராஜை வரவேண்டாம் என்றுவிட்டது. அதற்குமேல் என்ன எழுதினார்கள் என்பது எங்களுக்கே தெரியாத ஒரே சங்கதி. திரையைப் பார்த்து அக்கா தனியாகச் சிரிப்பதை மட்டும் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து பார்ப்போம். மற்றவர்களோடு சேர்ந்து அது சிரித்து நிறையப் பார்த்திருக்கிறோம். தனியாகச் சிரித்துப் பார்த்ததில்லை. மத்தியானச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு நாங்கள் அங்கே போய்விடுவோம். மழை ஓரத்தில் உட்கார்ந்து, காலை மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டு, சோற்றைத் தின்போம். மழையால் வேலை போகாமல் மழையை வெறுமனே பார்ப்பதற்கு எங்களுக்கு அதுவரை வாய்த்ததில்லை. நாங்கள் அந்த மழையை விரும்பினோம், அதை ஏன் மறைக்க வேண்டும்?

பெர்கனில் புரட்டாசி பிறந்தால் மழை விடவே விடாதாம். சுவரோடு நின்ற மழை சுவரோடுதான் நின்றது, ஆனால் ஈரக் காற்றுக்குச் சுவர் ஏது? எங்கள் ஆபீசின் காயப்போடும் முற்றம் சரியாகச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தது. தட்டுத் தட்டாகக் குச்சிகள் நமத்தன. வடக்கே போன ஒரு லோடு அப்படியே திரும்பி வந்தது. இது தீப்பெட்டியா, பல்குத்தும் குச்சியா என்று பார்ட்டி எழுதிக் கேட்டிருந்தான். இன்னொரு லோடு இப்படித் திரும்பினால் ஆபீசை மூட வேண்டியதுதான் என்று முதலாளி எங்களிடம் சொல்லிவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் அச்சாபீசுக்குப் போனார்.

"அக்கா, அந்தாளை எடுத்துரு."

"எந்தாளை?"

"தெரியாத மாதிரி கேக்காத. அந்த மீன்காரரை."

"அவரு உன்னை என்ன செஞ்சாரு?"

"அவரு ஒண்ணும் செய்யல. அவரு மழைதான் செய்யுது."

"மழைக்கு அவரு என்ன பண்ணுவாரு, தம்பி? அவுக ஊரு அப்படி."

"வேற ஆளா கிடைக்காது? ராஜஸ்தான்ல ஒருத்தரைப் போடு, துபாய்ல ஒருத்தரைப் போடு. யாவாரந்தானக்கா இது."

அக்கா கீபோர்டின் மேல் விழுந்த தண்ணீரைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டே இருந்தது. ஆபீஸ் மூடினால் எங்கள் பிழைப்பும் போகும். மழை போனால் அக்கா என்ன ஆகும் என்பதும் எங்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. அந்த வாரம் முழுக்க நாங்கள் யார் பக்கமும் பேசாமல் கட்டை அடுக்கினோம். எங்கள் சரித்திரத்தில் இல்லாத வழக்கம்.

விஷயம் அச்சுக்காரர்கள் சங்கத்துக்குப் போனது. தீப்பெட்டி ஆபீசை ஒட்டிய இடத்தில் எவரும் மழைத் தொடர்பு வைத்துக்கொள்ளக் கூடாது என்று தீர்மானம் எழுதி, அக்காவைக் கூப்பிட்டார்கள். நாங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றோம். அருணாசலம் அண்ணாச்சி தன்மையாகத்தான் ஆரம்பித்தார்.

"தாயி, ஒனக்குத் தெரியாததில்ல. நானே அந்தப் பாலைவனத்தை எடுத்துட்டேன். கூடப்பொறந்தவன் பிழைப்பு. அவனுக்காக நீ எவ்வளவோ பண்ணியிருக்க. இதையும் பண்ணிரு."

அக்கா எழுந்து நின்றது. கூட்டத்தில் அது பேசி நாங்கள் கேட்டதில்லை.

"அண்ணாச்சி, இத்தனை வருசமா இந்த ஊர்ல எங்கிட்ட எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான். லேபிள் காஞ்சிருச்சா? தம்பிகூட வந்தா அதைத்தான் கேப்பான். நான் தப்புச் சொல்லல, யாவாரம் அப்படி. அந்த மனுசன் ஒருத்தர்தான், நீங்க எப்படி இருக்கீகன்னு கேட்டு எழுதினாரு. அதுக்கு என்ன பதில் எழுதுறதுன்னு எனக்குத் தெரியல. யோசிச்சு யோசிச்சு, நல்லாருக்கேன்னு எழுதினேன். நிசமாவான்னு திருப்பிக் கேட்டாரு."

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த தங்கப்பழம் தலை குனிந்தார்.

"தம்பி பிழைப்புக் கெடணும்னு நான் நினைப்பேனா? ஆனா அந்தப் பட்டனை என் கையால அழுத்த என்னால ஆகாது. யாருக்கு வேண்டாமோ அவுக வந்து அழுத்திக்கிடுங்க. கதவு தொறந்துதான் கிடக்கும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." இவ்வளவையும் சொல்லிவிட்டு, கும்பிட்டுவிட்டு, அக்கா வெளியே வந்து எங்களைத் தாண்டிப் போனது. எங்களில் பாதிப் பேர் அழுதுவிட்டோம்.

மறுநாள் காலையில் தங்கப்பழம் ஜெபராஜைக் கூட்டிக்கொண்டு அச்சாபீசுக்குள் நுழைந்தார். அக்கா முற்றத்தில், மழையின் ஓரத்தில், ஒரு காகிதக் கட்டின் மேல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. எங்களை யாரும் கூப்பிடவில்லை, நாங்களாகப் போய் வாசலில் நின்றோம். முன்னறையில் மழை நிதானமாகப் பெய்துகொண்டிருந்தது. முதலாளி நனைந்துகொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். ஜெபராஜ் உறையை விலக்கி, தாடிக்காரர் படத்தைத் திரையில் கொண்டுவந்து, "இந்தாங்க, இதுதான் நீக்குறது" என்று இடத்தைக் காட்டினான்.

முதலாளி மவுசின் மேல் கை வைத்த நேரத்தில் திரையில் ஏதோ மின்னியது.

"மொதலாளி, லெட்டர் ஒண்ணு வந்திருக்கு" என்றான் ஜெபராஜ்.

"யாருக்கு?"

"அக்காவுக்குத்தான். அவருகிட்டருந்து."

"படி."

"அக்காவுக்கு வந்ததை நாம எப்படி..."

"என்ன எழுதியிருக்கான்னு பாக்குறேன். படிடா."

ஜெபராஜ் முதலில் மனசுக்குள் படித்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னான். மழைச் சத்தத்தையும் மீறி எங்களுக்கு நன்றாகக் கேட்டது.

"மேலான அம்மையாருக்கு. தங்கள் வெயில் நேற்றும் குறைவின்றிக் கிடைக்கப்பெற்றேன். ஆனால் தங்கள் முழங்கால் பற்றிய தகவல் சில நாட்களாகக் கிடைக்கப்பெறவில்லை. படி இறங்கும்போது கண்ணில் நீர் வருமளவு வலிக்கிறது என்று சென்ற கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். இளம் வயதில் மிதி மிஷினை மிதித்துத் தேய்ந்த கால், ஈரத்தில் நின்றால் கூடுதலாக நோகும் என்று இங்கே ஒரு டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. என் மழையால் தங்கள் வலி கூடுமானால், தயவுசெய்து என்னை நீக்கிவிடவும். எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். வெயில் நின்றால் என் கோட்டு மறுபடி நனையும், அதற்குமேல் ஒன்றுமில்லை. கால் முக்கியம். பதில் எழுதவும்."

ஜெபராஜ் நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தான்.

"மிதி மிஷினா?" என்றார் முதலாளி. யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

வேலம்மாதான் வாசலிலிருந்து பதில் சொன்னாள். "மோட்டார் வாங்குறதுக்கு முந்தி, மொதலாளி. காலால மிதிச்சாத்தான் அந்த மிஷின் ஓடும். விடிஞ்சா நின்னு மிதிக்க ஆரம்பிச்சா, பொழுதடைஞ்சுதான் அக்கா இறங்கும். நீங்க அந்த மூலையில உக்காந்து பாடம் படிச்சுக்கிட்டு இருப்பீக."

அந்தச் சத்தத்தில் படித்து, அந்தச் சத்தத்தில் தூங்கி, அந்தச் சத்தம் கட்டிய பீசில் காலேஜுக்குப் போனவர் அவர். சத்தம் ஞாபகம் இருந்தது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அதை எழுப்பிய காலை ஒரு நாளும் பார்த்ததில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு மீன்காரர் தூங்காமல் கிடக்கிறார், சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறவருக்கு விஷயமே தெரியாது.

மவுசின் மேல் கை அப்படியே இருந்தது. மழை அவர் தலையில் விழுந்து, காது வழியாக இறங்கி, சட்டைக்குள் போனது. அழுத்திவிடுவார் என்றுதான் நினைத்தோம். திரும்பி வந்த லோடு அவர் கொட்டகையில் அடுக்கிக் கிடந்தது, அது பொய்யில்லை. வெகுநேரம் கழித்துக் கையை எடுத்தார். பிளாஸ்டிக் உறையை இழுத்து, நாலு பக்கமும் தண்ணீர் இறங்காதபடி தானே செருகிவிட்டு எழுந்தார்.

வாசலுக்கு வந்து எங்களைப் பார்த்தார். "தட்டு பூராவும் இன்னைக்கே மேற்கால மனைக்கு மாத்துங்க. வண்டி வரச் சொல்றேன். இனி அங்கதான் காயப்போடணும்."

மேற்கால மனை என்பது அவர் மாடி வீடு கட்டுவதற்காக அஸ்திவாரம் தோண்டி வைத்திருந்த இடம். சம்சாரத்திடம் என்ன சொல்லப்போகிறாரோ என்று எங்களுக்குள் ஒரு பேச்சு ஓடியது. கேட்கத் துணியவில்லை.

அவர் முற்றத்துக்குப் போய், அக்காவுக்குப் பக்கத்தில் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி சேறாகிவிட்டது. அக்கா திரும்பாமலே கேட்டது.

"எடுத்துட்டியாடா?"

அவர் அக்காவின் கால்களைப் பார்த்தார்.

"எந்தக் காலுக்கா?" என்றார்.

அக்கா திரும்பி அவரைப் பார்த்தது. தலையிலிருந்து சொட்டுகிற தண்ணீரோடு, அரைக்கால் சட்டை வயசு முகத்தோடு, தம்பி உட்கார்ந்திருந்தார்.

"இடது" என்றது. கொஞ்சம் கழித்து, "வலதும்தான்" என்றது.

அவர் அக்காவின் இடது காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அக்கா வெடுக்கென்று இழுக்கப் பார்த்தது. "விடுடா, கிறுக்குப் பயலே. பிள்ளைகள்லாம் பாக்குது."

"பாக்கட்டும்" என்றார்.

நாங்கள் பார்த்தோம். தட்டுகளை எடுக்க வண்டி வந்து வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. எங்களில் ஒருத்திக்கும் அந்த இடத்தைவிட்டு நகர மனசு வரவில்லை.